வெள்ளவத்தை மாடியில் வரைந்த நாற்சார் வீடு

அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தொடர்மாடியின் நான்காம் தளத்தில் எங்களோடு இருக்கிறார். மழை வந்தால் பல்கனிக் கதவைத் திறந்து கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு திரும்பி வந்து கதிரையில் இருந்துகொண்டு, "உது என்ன மழை, வெளியிலை பெய்யுது" என்பார்.

முதலில் எனக்கு விளங்கவில்லை. மழை வெளியேதானே பெய்யும்? பிறகுதான் நினைவு வந்தது. அவர் பிறந்து, மணம் முடித்து, எங்களைப் பெற்று வளர்த்த வீட்டில் மழை உள்ளேதான் பெய்தது. நான்கு கூரைகளின் தண்ணீரும் நடு முற்றத்தில் விழும். விறாந்தையில் இருந்தபடி கையை நீட்டினால் நனையும்.

அது வலிகாமம் வடக்கில், தெல்லிப்பழைக்கு வடக்கே, தோட்டக் காணிகளுக்கு நடுவே நின்ற ஒரு நாற்சார் வீடு. 1990 ஜூனில் அதைப் பூட்டிவிட்டு வந்தோம். சாவி இன்றைக்கும் அம்மாவின் அலுமாரிக்குள் இருக்கிறது. வீடு இல்லை.

நான் கொழும்பில் ஒரு கட்டட ஒப்பந்தகாரரிடம் இருபது வருடத்துக்கு மேலாகப் படவரைஞராக வேலை செய்கிறேன். எத்தனையோ பேரின் வீட்டை வரைந்திருக்கிறேன். எங்கள் வீட்டை வரைய நினைத்தது 2018இல்தான். எங்கள் வளவு விடுவிக்கப்படும் பகுதிக்குள் வருகிறது என்று செய்தி வந்தபோது, முதலில் எழுந்த கேள்வி மிகச் சாதாரணமானது: போய் எப்படிக் கண்டுபிடிப்பது? ஒழுங்கைகள் இல்லை, வேலிகள் இல்லை, இருபத்தெட்டு வருடப் பற்றை. "வீட்டைக் கீறித் தாங்கோ" என்று அம்மாவிடம் ஒரு கலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கொடுத்தேன். அவர் ஒரு சதுரம் கீறினார். அதற்குள் இன்னொரு சதுரம். "எனக்குக் கீறத் தெரியாது பிள்ளை" என்று பென்சிலை வைத்துவிட்டார்.

அடுத்த நாள் வேறு விதமாகக் கேட்டேன். "அம்மா, விடியக் காலமை எழும்பினால் முதல் என்ன செய்வியள்?" அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். எந்தக் கதவைத் திறப்பார், சாணித் தண்ணீர் எங்கே தெளிப்பார், ஈர்க்கு விளக்குமாற்றை எங்கே சாத்தி வைத்திருப்பார், எந்த மூலையிலிருந்து கூட்டத் தொடங்கி எந்தப் பக்கமாகப் போவார், குப்பையை எந்த மரத்தடியில் குவிப்பார், எத்தனை எட்டு வைத்தால் கிணறு வரும் என்று எல்லாம் வந்தது. ஒரு மணி நேரத்தில் என் கையில் ஒரு முழு வீட்டின் தளவரைபடம் இருந்தது.

இந்தக் கட்டுரை அந்த வரைபடத்தைப் பற்றியது. அப்படிப்பட்ட வீடு ஏன் அப்படிக் கட்டப்பட்டது, அதை ஏன் இப்போதே, சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே, வரைந்து வைக்கவேண்டும் என்பதைப் பற்றியது.

படலையிலிருந்து கோடி வரை

யாழ்ப்பாணத்தில் வீடு என்று சொன்னால் அது கட்டடம் மட்டுமல்ல, வளவு முழுவதும்தான். வளவு வேலியில் தொடங்குகிறது. கிளுவை, பூவரசு, முள்முருக்கு என்று உயிருள்ள கதியால்களை நட்டு, பனை மட்டை வரிச்சுக் கட்டி, கிடுகாலோ பனையோலையாலோ அடைப்பது வழக்கம். புதிய ஓலை ஏறும்போது உக்கிய பழைய ஓலை தோட்டத்துக்குப் பசளையாகப் போகும். கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகும். வேலி எல்லையாகவும் இருந்தது, தோட்டத்தின் ஒரு பகுதியாகவும் இருந்தது. அயல் வீட்டுக்குப் போய்வர வேலியில் ஒரு 'பொட்டு' இருக்கும். சண்டை வந்தால் முதலில் அடைபடுவதும், சமாதானமானால் முதலில் திறபடுவதும் அதுதான்.

ஒழுங்கையிலிருந்து உள்ளே வரும் இடத்தில் சங்கடப் படலை. படலைக்கு மேல் சிறிய கூரை, இரு பக்கமும் இருக்கக் குந்து. வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கலாம். வீதியோரத்துச் சுமைதாங்கி, மாடுகள் உரசிக்கொள்ள நட்ட ஆவுரஞ்சிக்கல், பருத்தித்துறையில் இன்றும் நிற்கும் தெருமூடிமடம் எல்லாம் இதே எண்ணத்தின் பெரிய உருவங்கள்.

படலையிலிருந்து இருபத்தைந்து எட்டு நடந்தால் தலைவாசல். ஆண்கள் இருந்து கதைக்கும், விருந்தாளியை வரவேற்கும், வெங்காய விலை பேசும் இடம் அது. அதைத் தாண்டினால் நாற்சார்.

'சார்' என்பது ஒரு பக்கக் கட்டு. நான்கு பக்கமும் நான்கு சார், நடுவே திறந்த முற்றம். முற்றத்தைச் சுற்றி விறாந்தை. எங்கள் வீட்டில் தெற்குச் சாரில் இரண்டு அறைகளும் சாமி அறையும், மேற்கில் நெல்லும் குரக்கனும் வைக்கும் அறை, வடக்கில் குசினியும் சாமான் அறையும், கிழக்கில் வாசலும் அதன் இரு பக்கத் திண்ணைகளும். எல்லாக் கல்வீடுகளும் நாற்சார் அல்ல. வசதி குறைந்தவர்கள் ஒரு சாரோ இரண்டு சாரோ கட்டினார்கள். பிள்ளைகள் வளர, காசு சேர, அடுத்த சார் எழும்பும். எங்கள் வீட்டின் மேற்குச் சார் மற்ற மூன்றையும் விட இளையது என்று அம்மா சொல்வார்.

குசினி ஏன் வடக்கில் என்று கேட்டேன். "சோளகம் தெற்காலை வாற காத்தெல்லோ" என்றார். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பலமாக வீசும் மாதங்களில் ஓலை காய்ந்து கிடக்கும். தெற்கில் அடுப்பு இருந்தால் ஒரு பொறி போதும், முழு வீடும் போய்விடும். வடக்கில் இருந்தால் பொறி வீட்டைவிட்டு அப்பால் போகும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று வரும் மாதங்களில் மழையால் கூரை நனைந்திருக்கும், பயமில்லை. வீட்டுக்கு ஓடு போட்ட பிறகும் குசினி இடம் மாறவில்லை. வடகிழக்கு மூலையில் கிணறு இருந்ததால் தண்ணீரும் கிட்ட.

முற்றம் அழகுக்காக வைத்ததல்ல. யாழ்ப்பாணத்தில் வருடத்தின் பெரும்பகுதி வெயில். சூடான காற்று முற்றத்தின் வழியே மேலே போக, நிழலான விறாந்தைகளிலிருந்து காற்று அந்த இடத்தை நிரப்ப வரும். ஒன்றரை அடித் தடிப்பான சுண்ணக்கல் சுவர் பகல் சூட்டை உள்ளே விட நேரம் எடுக்கும். தாழ்வாரம் மிகவும் கீழே இறங்கும், வளர்ந்தவர்கள் குனிந்துதான் வரவேண்டும். மரியாதைக்காக என்று சிறுவயதில் சொல்லித் தந்தார்கள். கட்டடக் கணக்கில் பார்த்தால், சுவரில் வெயிலும் சாரலும் படாமல் காக்கும் குடை அது.

மழைத் தண்ணீர் முற்றத்தில் விழுந்து, ஒரு தூம்பு வழியாகச் சுவருக்கு அடியால் வெளியேறி, வாழையடிக்குப் போகும். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராகத் தேங்குகிறது. அதைத்தான் கிணற்றால் எடுக்கிறோம். வீட்டின் கூரையில் விழுந்த மழையை வளவுக்குள்ளேயே மண்ணுக்குக் கொடுத்தது அந்தத் தூம்பு.

கிணற்றடியில் துலா. ஆடுகாலில் பொருத்திய நீண்ட மரத்தில் ஒருவர் ஏறி முன்னும் பின்னும் நடப்பார், கிணற்று வாயில் ஒருவர் பட்டையைச் சரிப்பார், தோட்டத்தில் ஒருவர் வாய்க்கால் மாற்றுவார். மண்ணெண்ணெய் இயந்திரம் வந்த பிறகு துலா ஓய்ந்தது. ஆனால் ஆடுகால் கல் அங்கேயே நின்றது. இதை நினைவில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

வீட்டின் பின்பக்கம் கோடி. அங்கே மாட்டுக் கொட்டில், வைக்கோல் போர், எருக்கும்பி, புகையிலைக்குப் புகைபோடும் குடில். அதற்கு அப்பால் செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும்.

மண்ணிலிருந்து கல்லுக்கு

இந்த வீடு எப்போதும் கல்லால் ஆனதாக இருக்கவில்லை. அம்மாவின் பேத்தியார் பிறந்தது மண் சுவரும் பனையோலைக் கூரையும் உள்ள வீட்டில். பனை ஒன்றே வீட்டின் பாதியைத் தந்தது. வைரம் பாய்ந்த மரம் வளையாகவும் கைமரமாகவும் சிலாகையாகவும் ஆனது, ஓலை கூரையானது, நார் கட்டும் கயிறானது. சுவருக்கு அதே வளவின் மண். மெழுகச் சாணி. மழைக்குமுன் வேய்வது ஊர் கூடிச் செய்யும் வேலை.

கல்வீட்டுக்குக் காசு வேண்டும். அந்தக் காசு மூன்று வழியால் வந்தது என்று சொல்லலாம். முதலாவது புகையிலை. ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. இரண்டாவது மலாயா. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ரயில்வேக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் வேலைக்குப் போனவர்கள் அனுப்பிய காசு ஊரில் சுவராக எழும்பியது. மூன்றாவது கொழும்பு. 1905இல் காங்கேசன்துறை வரை ரயில் பாதை முழுமையானபின், கொழும்பில் கிளாக்கர் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வீடு கட்டுவது வழக்கமாயிற்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாடகை அறையில் இருந்தவர்களின் மிச்சக் காசு வடக்கே கல்லாகவும் ஓடாகவும் போனது.

கல் அங்கேயே இருந்தது. கிணறு வெட்டினால் கல், தோட்டம் கொத்தினால் கல். சாந்துக்குக் காளவாயில் சுட்ட சுண்ணாம்பு. கூரையில் கடல் கடந்து வந்த தட்டையோடு ஏறியது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையால் பெயர் பெற்ற, ஒன்றோடொன்று கொளுவும் ஓடு அது. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை உற்பத்தியைத் தொடங்கியபின் திண்ணைகளும் விறாந்தைகளும் சீமெந்து பூசப்பட்டு வழுவழுப்பாயின. எங்கள் திண்ணையில் சிவப்புச் சாயம் கலந்த சீமெந்து. வெயில் நேரத்தில் வெறும் மேலோடு படுத்தால் முதுகு குளிரும்.

வீட்டுக்குள் வரலாறு சொற்களாகவும் இருந்தது. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் நாற்பது வருடத்துக்குள் போய்விட்டார்கள். ஆனால் குசினி, யன்னல், அலுமாரி, வாங்கு, சாவி, கூரையின் குறுக்கு மரமான தீராந்தி எல்லாம் அவர்கள் மொழியில் வேர் கொண்ட சொற்கள். ஆனால் முற்றம், திண்ணை, கோடி, வளவு, படலை ஆகியவற்றுக்குப் பெயர் மாறவில்லை. கதவும் யன்னலும் தளபாடமும் வெளியிலிருந்து வந்தன, வீட்டின் அமைப்பு நம்முடையதாகவே இருந்தது என்பதை இந்தச் சொற்கள் காட்டுகின்றன.

பெண்ணின் வீடு, எல்லாருக்குமானதல்லாத வீடு

ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த தேசவழமையில் சீதனமும் முதுசமும் தேடிய தேட்டமும் தனித்தனியே பேசப்படுகின்றன. நடைமுறையில் வீடு பெரும்பாலும் மகளுக்குச் சீதனமாகப் போனது. எங்கள் வீடு அம்மாவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து வந்தது. எனக்கு வரவேண்டியிருந்தது. ஆகவே அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் பெண்களுக்கே நன்றாகத் தெரியும். காணியின் எல்லையை அப்பாவிடம் கேட்கலாம், வீட்டின் உள்ளமைப்பை அம்மாவிடம்தான் கேட்கவேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். இழந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது நாங்கள் இனிமையை மட்டும் எடுத்துவைக்கிறோம். சங்கடப் படலையின் குந்து எல்லாருக்கும் பொதுவாக இருந்திருக்கலாம், தலைவாசலின் குந்து அப்படி இல்லை. எங்கள் தோட்டத்தில் வேலை செய்தவர்களும், எங்கள் பனையில் ஏறியவர்களும், எங்கள் துணியை வெளுத்தவர்களும் கோடிப் பக்கத்தால் வந்தார்கள். விருந்தாளிக்கு மூக்குப்பேணி, அவர்களுக்குச் சிரட்டை. எங்கள் கிணற்றில் அவர்கள் அள்ளக்கூடாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. ஆனாலும் எங்கள் பகுதியிலேயே, மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்காக 1968இல் மக்கள் போராடவேண்டியிருந்தது. என் வரைபடத்தில் இரண்டு பாதைகளைக் குறித்திருக்கிறேன். ஒன்று படலையிலிருந்து தலைவாசலுக்கு. மற்றது கோடிப் படலையிலிருந்து மாட்டுக் கொட்டிலுக்கு, அதோடு நின்றுவிடும். "உதை ஏன் கீறுறாய்?" என்று அம்மா கேட்டார். "அதுவும் இருந்ததுதானே அம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு சாரும் நிரம்பிய மாதம்

1983 ஜூலையில் அப்பா கொழும்பில் வேலையில் இருந்தார். வெள்ளவத்தையில் அவர் இருந்த வாடகை வீடு எரிந்தது. அகதி முகாமிலிருந்து கப்பலேறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். அவரோடு போக இடமில்லாத வேறு குடும்பங்களும் வந்தன. அந்த மாதம் எங்கள் வீட்டில் ஐந்து குடும்பங்கள் இருந்தன. சாருக்கு ஒரு குடும்பம், தலைவாசலில் ஒன்று. முற்றத்தில் ஒரே அடுப்பில் சமைத்தோம். ஒருவரை ஒருவர் மிதிக்காமல் ஐந்து குடும்பம் இருக்கக்கூடிய வீடு அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஏழு வருடம் கழித்து அந்த வீட்டைவிட்டு நாங்கள் ஓடினோம். முதலில் உறவினர் வீடு, பிறகு பள்ளிக்கூடம், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது தென்மராட்சி, பிறகு வன்னி, கடைசியில் கொழும்பு. வாசிப்பவர்களில் பலருக்கு இந்த வரிசை தெரியும், ஊர்ப் பெயர்கள்தான் மாறும். அப்பா வன்னியில் காலமானார்.

2018இல் நானும் தம்பியும் போனோம். 1990இல் நின்ற ரயில் மறுபடி காங்கேசன்துறை வரை ஓடுகிறது. யன்னலால் பார்த்துக்கொண்டே போனோம். கையில் அம்மாவின் வரைபடம். கூடவே கொட்டாஞ்சேனையில் மகளோடு இருக்கும் பெரியம்மாவின் திருத்தங்கள். சகோதரிகள் இருவரும் ஒரு கிழமையாகத் தொலைபேசியில் சண்டை. அம்மா கிணறு ஒன்றுதான் என்றார். பெரியம்மா, "அது நீ பிறக்க முதல் பிள்ளை. தெற்குப் பக்கம் ஒரு தூர்ந்த கிணறு இருந்தது, ஐயா மூடினவர்" என்றார்.

பற்றைக்குள் நின்றபோது எதுவும் தெரியவில்லை. அயலவர்களும் எங்களைப் போலவே கையில் உறுதியோடு திரிந்தார்கள். உறுதியில் காணியின் பெயரும் பரப்புக் கணக்கும் நான்கு பக்கத்து உரித்தாளர்களின் பெயர்களும் இருக்கும். வேலி இல்லாத இடத்தில் அவை வெறும் சொற்கள். கூரை இல்லை. சுவர்கள் இல்லை, கல்லும் இல்லை. மரங்கள் நின்ற இடத்தில் வேறு மரங்கள்.

தம்பிதான் அந்தக் கல்லைக் கண்டான். பற்றைக்குள் சாய்ந்து நின்ற துலா ஆடுகால் கல். அதற்கு அருகே கட்டு உடைந்த கிணறு. இந்த இரண்டும் கிடைத்ததும் வரைபடத்தைத் திருப்பிப் பிடித்தேன். கிணற்றிலிருந்து குசினி வாசல் பதினொரு எட்டு என்று அம்மா சொன்னார். எண்ணி நடந்து காலால் கிளறினால், மண்ணுக்கு அரை அடி கீழே சிவப்புச் சீமெந்து. அங்கிருந்து அத்திவாரக் கோட்டைப் பிடித்துப் போனோம். பின்னேரத்துக்குள் நான்கு சாரும் தெரிந்தன. தெற்குப் பக்கத்தில் மண் தாழ்ந்த ஒரு வட்டமும் இருந்தது. பெரியம்மா சொன்னது சரி.

உறுதியில் 'கிணற்றிலே பங்கும் வழிவாய்க்கால் உரிமையும்' என்று ஒரு வரி இருந்தது. எங்கள் கிணறு எங்களுக்கே முழுக்கச் சொந்தம் என்பதால் அந்த வரி எங்களைக் குழப்பிக்கொண்டே இருந்தது. தூர்ந்த கிணறு அதற்குப் பதில் சொன்னது. பங்குக் கிணறு அதுதான். தெற்கு எல்லை நாங்கள் நினைத்த இடத்தில் இல்லை, அந்தக் கிணற்றுக்கு அருகே. தெற்கு அயலவரின் உறுதியிலும் அதே வரி. நில அளவையாளர் வந்தபோது இரண்டு குடும்பமும் ஒரே புள்ளியில் நின்று கையைக் காட்டினோம். சண்டையாகியிருக்க வேண்டிய ஒன்று அரை நாளில் முடிந்தது.

திரும்பக் கட்டும்போது

விடுவிக்கப்பட்ட ஊர்களில் இப்போது வீடுகள் எழும்புகின்றன. போருக்குப் பின் இந்திய உதவியோடு நடந்த வீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா கிடைத்தது. அந்தக் காசில் ஒரு விறாந்தை, ஒரு மண்டபம், இரண்டு அறை, குசினி. தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிறகு, வடக்குக் கிழக்கில் 65,000 உலோக வீடுகள் அமைக்கும் யோசனை வந்தது. யாழ்ப்பாண வெயிலுக்கு இரும்பு வீடா, பழுதானால் உள்ளூர் மேசன் எப்படித் திருத்துவார், வீட்டைப் பெரிப்பிக்க முடியுமா என்று மக்களும் கட்டடத் துறையினரும் கேட்டார்கள். அந்தத் திட்டம் நிறைவேறவில்லை. கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பழைய வீடு ஏற்கனவே பதில் வைத்திருந்தது.

வெளிநாட்டுக் காசில் கட்டும் வீடுகளின் கதை வேறு. அவற்றை நான் கொழும்பிலிருந்தே வரைந்து அனுப்பியிருக்கிறேன். மேலே கொங்கிறீற் தட்டு, சுற்றிவர மதில், அலுமினிய யன்னல், ஒவ்வொரு அறைக்கும் குளிரூட்டி. வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரு தளத்தை வெட்டி எடுத்துச் செம்பாட்டு மண்ணில் வைத்த மாதிரி. மின்சாரம் நின்றால் உள்ளே இருக்க முடியாது.

அதே காலத்தில் முற்றம் மறுபக்கமாகப் பயணம் செய்தது. 1960களின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா, கொழும்பு 3இல் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டில், நெருக்கமான நகரக் காணிக்குள் நடு முற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். நவீனக் கட்டடக்கலை என்று உலகம் அதைப் பாராட்டியது. 2009இல் காணி கைமாறியபோது அந்த வீட்டைக் கழற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டு, பெந்தோட்டைக்கு அருகே லுணுகங்கையில் திரும்பப் பொருத்தினார்கள். சுவீடனின் ஸ்கான்சன் அருங்காட்சியகம் 1891 முதல் கமக்காரர் வீடுகளை இப்படிக் காப்பாற்றுகிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்திராவில் தஞ்சாவூர் விவசாயி வீடு ஒன்றுக்குள் நடந்து பார்க்கலாம். எங்கள் வீடுகளுக்கு இலக்கம் போட யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. கல்லே இல்லாத இடத்தில் மிஞ்சியிருப்பது நினைவு மட்டும்தான். அதற்கும் வயது எண்பத்து மூன்று.

முழு நாற்சார் வீட்டை இன்றைக்குக் கட்ட எங்களிடம் காசில்லை, தேவையுமில்லை. தம்பி கட்டியது மூன்று அறை வீடு. ஆனால் வரைபடத்திலிருந்து மூன்றை எடுத்தோம்: சோளகத்துக்கு மறுபக்கம் குசினி, சுவரை மூடும் தாழ்ந்த ஓட்டுக் கூரை, நடுவில் பத்தடிக்குப் பத்தடி ஒரு முற்றம். ஒன்றை வேண்டுமென்றே விட்டோம். கோடிப் படலை வைக்கவில்லை. வருகிற எல்லாருக்கும் ஒரே வாசல்.

நீங்கள் செய்யவேண்டியது

இழந்த ஒரு வீட்டின் மனிதர் உங்கள் வீட்டில் இருந்தால், இந்தக் கிழமையே தொடங்குங்கள். வீட்டைக் கீறச் சொல்லாதீர்கள். விடியற்காலை வேலையைச் சொல்லச் சொல்லுங்கள். தூரத்தை அடியில் கேட்காதீர்கள், எட்டில் கேளுங்கள். கல்லும் கிணறும் எங்கே என்று தனியாகக் குறியுங்கள், ஏனென்றால் கூரையும் வேலியும் போன பிறகும் அவைதான் நிற்கின்றன. நின்ற மரங்களை, முக்கியமாகப் பனைகளை, எண்ணிக்கையோடு எழுதுங்கள். அயலவர் யார், பொட்டு எந்தப் பக்கம், பொதுக் கிணறு எது என்று கேளுங்கள். இரண்டு பேரிடம் தனித்தனியே கேளுங்கள். அவர்கள் முரண்படும் இடத்தை அழிக்காமல் இரண்டையும் எழுதுங்கள். குரலைத் தொலைபேசியில் பதிவு செய்து, திகதி போட்டு, உறுதியின் பிரதியோடு வையுங்கள்.

இது நினைவு அஞ்சலி மட்டுமல்ல. பத்து வருடம் எதிருரிமையோடு ஆண்டவருக்குக் காணி சேரலாம் என்ற 1871ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களைக் காக்க 2016இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. வடக்கில் உரிமை தீர்க்கப்படாத காணிகளுக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோரவேண்டும் என்ற வர்த்தமானி 2025 மார்ச்சில் வந்து, கடும் எதிர்ப்பின் பின் மீளப்பெறப்பட்டது. அடுத்த முறை யாராவது "இது உங்கள் காணி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்கும்போது, ஒரு வரைபடம் உறுதிக்கு ஈடாகாது. ஆனால் உறுதியிலுள்ள சொற்களை நிலத்தில் பொருத்திக் காட்டும். எங்களுக்குக் காட்டியது.

இறுதி வரைபடத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். விரலால் படலையிலிருந்து தொடங்கி, தலைவாசல், முற்றம், குசினி என்று போய்க் கிணற்றடியில் நின்றார்.

"எல்லாம் சரி பிள்ளை. ஆட்டுக்கல்லைக் காணேல்லை."

"எங்கை இருந்தது அம்மா?"

"குசினி வாசலுக்கு இடக்கைப் பக்கம். மூண்டு எட்டு."

குறித்துக்கொண்டேன்.